வெறும் இரைச்சல்தான்

அதெல்லாம் நாளைக்கு ரெண்டு மணிக்குத்தானே ரொஷெல், இப்ப பதினொண்ணுகூட ஆகல. மொதல்ல அந்தக் கோட்டக் கழட்டு. பூட்ஸ அங்க ரப்பர் தட்டுல வையி, தரையெல்லாம் ஈரமாயிடும். நாற்காலில பூனை இருந்தா தள்ளிவிடு. ஒண்ணும் பண்ணாது, மொறைக்கும், அவ்வளவுதான். என்னைய மாதிரி.

சரி. நீ வாசல்ல நின்னுக்கிட்டே கடகடன்னு சொன்னத நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாரு. மரம் அறுக்கற மில்லுல ஸ்ட்ரைக் ஆரம்பிச்சு பதினாலு வாரம். ஆளுங்க தளந்துபோயிட்டாங்க. நாளைக்கு மத்தியானம் யூனியன் ஹால்ல, ஸ்ட்ரைக்க தொடரலாமா வேண்டாமான்னு ஓட்டு. இன்னிக்குக் காலைல டொரோன்டோவுலேருந்து கம்பெனி ஒரு கடுதாசி அனுப்பியிருக்கான். கமிட்டில இருக்கற நீங்க நாலு பேரு மட்டும் அதப் படிச்சிட்டீங்க. புதுசா ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு நேரா ஓட்டுக்குப் போயிடலாம்னு முடிவு பண்ணிட்டீங்க. அதுக்கு முன்னாடி இந்தக் கெழவன் ரெய்னோ கங்காஸ் மேடையேறி, விடாதீங்க, உறுதியா நில்லுங்கன்னு கால்மணி நேரம் முழங்கணும். சரிதானே?

அப்ப காது நல்லாத்தான் இருக்கு. நர்ஸம்மாதான் மிஷின் வச்சுக்க வச்சுக்கன்னு உயிர எடுக்கறா.

வரேனா மாட்டேனான்னு இப்பவே கேக்காத. நேத்து சரியாத் தூங்கல. இடுப்பெல்லாம் இல்ல. இடுப்பு வலி பழகின ஆளு, வந்தா வந்துட்டுப் போகுது. டிவிதான் காரணம். நேத்து சாயங்காலம் சாம்பல் நிலா பாத்தியா நீ?

ஆமா, அதேதான். சிரிக்காத. எண்பத்தஞ்சு வயசுல விண்வெளித் தொடர் பாக்கக்கூடாதுன்னு எந்தத் தீர்மானத்துல இருக்கு? போன வருஷம் இடுப்பு ஒடைஞ்சு நாலு மாசம் இந்தச் சோபாவுல கெடந்தேன். செய்தி பாத்தா எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுதுன்னு நர்ஸம்மா செய்திய நிறுத்திட்டு இத வச்சுவிட்டா. ரெண்டு நாள் திட்டிக்கிட்டே பாத்தேன். மூணாம் நாள்தான் தெரிஞ்சுது, அட, இது நம்ம கதைடான்னு. எங்கேயோ ஒரு நிலா. வெளிய காத்தே கெடையாது. பாறைக்குள்ள எறநூத்திப் பன்னெண்டு பேரு தோண்டறான். மூச்சு விடற காத்தக்கூட கம்பெனிதான் குடுக்கறான், அதுக்கு சம்பளத்துல பிடித்தம் வேற. இவனுங்கள விட்டா மூச்சுக்கும் காசு கேப்பானுங்கன்னு நான் நோட்டீஸ்ல எழுதினப்ப இந்த ஊரே சிரிச்சுது. இப்ப அதையே டிவில போட்டா ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற மாதிரி எல்லாரும் உக்காந்து பாக்கறீங்க.

மறியல் குடிசைலயும் பாத்தீங்களா? ஒரு போனுக்குள்ள எட்டுத் தலையா! சரி, அப்புறம்?

செத்துப்போச்சா? கடைசிப் பத்து நிமிஷத்துலயா? அட போங்கம்மா. மைனஸ் இருபத்தேழுல போன வெளிய நீட்டிக்கிட்டிருந்தா சாகாம என்ன செய்யும்? பாட்டரிய சட்டைக்குள்ள வச்சுக்கணும்னு உங்க குடிசைல ஒருத்தருக்கும் தெரியல. இவங்கதான் கம்பெனிய மண்டியிட வைக்கப் போறாங்க.

இல்ல, கிண்டல்தான் பண்ணேன். உக்காரு. காப்பி ஊத்தறேன். அந்த ஏலக்காய் ரொட்டிய வெட்டிக்கோ, ஹால்ல பெண்டுங்க செஞ்சு அனுப்பினது. உனக்குத்தான் பல்லு இருக்கு.

எதுவரைக்கும் பாத்த? கம்பெனிக் கப்பல் மேல வந்து நின்னு காத்துக் குழாய அடைச்சானே, அதுவரைக்கும். சரி. அப்ப முக்கியமானது எதையும் நீ பாக்கல.

அதுக்கப்புறம் என்னாச்சுன்னா, கீழ தொட்டியில பதினோரு மணி நேரத்துக்குத்தான் காத்து இருக்கு. எல்லாரும் கீழ்த்தளத்துல கூடறாங்க. போனா எல்லாரும் போவோம், இருந்தா எல்லாரும் இருப்போம், தனியா ஒருத்தனும் மேல ஏறக்கூடாதுன்னு தீர்மானம் போடறாங்க. கை தூக்கல, இரும்புத் தொப்பியக் கழட்டி பாறையில தட்டறாங்க, டங்கு டங்குன்னு. நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கே ஒடம்பு சிலுத்துப்போச்சு.

ஆனா எடுத்தவனுக்கு ஸ்ட்ரைக்குன்னா என்னன்னு தெரியலம்மா. பதினோரு மணி நேரத்துல சாகப்போற கூட்டம், ஒருத்தன் இருமல. ஒருத்தன் ஒண்ணுக்குப் போகல. எல்லாரும் நேரா நின்னு வசனம் பேசறான். ஒருத்தன்கூட ஒரு ஜோக் அடிக்கல! ஸ்ட்ரைக்குல எவ்வளவு சிரிப்போம்னு வெளிய இருக்கறவனுக்குத் தெரியாது. தொள்ளாயிரத்தி எண்பத்திமூணுல, எங்க காகித மில் ஸ்ட்ரைக்குல, வாசல்ல பனியால ஒரு மேனேஜர் செஞ்சு வச்சோம். தொப்பி, சுருட்டு எல்லாம் உண்டு. தெனம் காலைல வரிசையா நின்னு அதுகிட்ட சம்பள உயர்வு கேட்டு மனு குடுப்போம். ஒரு நாள் நெசமான மேனேஜரே வந்து பக்கத்துல நின்னு மொறைச்சாரு. உங்கப்பா ஆர்மன்ட் என்ன பண்ணாரு தெரியுமா? இன்னிக்கு ரெண்டு செஞ்சிருக்கீங்களாடான்னு கேட்டுட்டு, அவர் மூக்குல ஒரு கேரட்ட வைக்கப் போயிட்டாரு.

சொன்னதே இல்லையா உன்கிட்ட? ஹூம். உங்கப்பா அப்பல்லாம் பெரிய தமாசு பேர்வழி. அப்புறம்தான் பேச்ச கொறைச்சுக்கிட்டாரு.

சரி, கதைக்கு வரேன். டாரியா தெரியும்ல உனக்கு? ரேடியோ அறையில இருப்பாளே, நரை விழுந்த, ஒல்லியா ஒருத்தி. இந்த ஸ்ட்ரைக்கையே மூட்டிவிட்டவ. தொடர்லயே எனக்கு அவளத்தான் பிடிக்கும். நாலு வார்த்தைல சொல்லவேண்டியத நாப்பது வார்த்தைல சொல்ல மாட்டா. ஆமாமா, நான் அப்படியில்லதான், ஒத்துக்கறேன், நீ ரொட்டியத் தின்னு.

அவ தனியா உக்காந்திருக்கா. காதுல கருவி. மேல கப்பல்லேருந்து கரகரன்னு ஒரு குரல் வருது. என்ன சொல்லுது? மேல் கதவத் தொறந்து எல்லாரும் வந்துடலாம், ஒருத்தரையும் ஒண்ணும் பண்ண மாட்டோம். ஆனா சுரங்கம் உங்க கையில இருக்காது, கேட்டது எதுவும் கெடைக்காது, வேற எடத்துக்கு வேலைக்கு அனுப்புவோம். முடியாதுன்னா பதினோரு மணி நேரம் கழிச்சு கப்பல் போயிடும். திரும்பி வராது. அவ்வளவுதான் செய்தி. அவ மொகத்த மட்டுமே காட்டறாங்க. ஒரு நிமிஷம் இருக்கும். பாட்டு இல்ல, ஒண்ணுமில்ல. இந்த ரொட்டிக் கத்தியக் கையில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன் நான்.

கதவத் தட்டறான் அவங்க கூட்டத்து மேஸ்திரி. ஏதாவது வந்துச்சான்னு கேக்கறான். அவ காதுலேருந்து கருவியக் கழட்டறா. எதிர்ல இருக்கற சுவரப் பாக்கறா. ஒண்ணுமில்ல, வெறும் இரைச்சல்தான்னு சொல்றா.

அவ்வளவுதான். முடிஞ்சுது. அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்கணுமாம்.

நான் கத்திட்டேன். என்ன கத்தினேன்னு ஞாபகமில்ல. எங்க வீட்டு மொழி ஃபின்னிஷ்லதான் கத்தியிருக்கணும், எனக்கு நெஜமாக் கோவம் வந்தா அதுதான் வரும். பக்கத்து வீட்டம்மா வந்து கதவத் தட்டிச்சு, விழுந்துட்டீங்களான்னு. விழலம்மா, டிவி பாக்கறேன்னேன். அது டிவிய ஒரு தடவ பாத்துச்சு, என்னைய ஒரு தடவ பாத்துச்சு. அதுல ஒரு பொம்பள சோப்புத் தூள் விளம்பரத்துல சிரிச்சிக்கிட்டிருந்தா.

நீ என்ன சொல்ற? அவ செஞ்சது சரியா தப்பா?

சரியா? யோசிக்காமயே சொல்லிட்ட.

ம். ம். சொல்லு, கேக்கறேன். சொன்னா கூட்டம் ரெண்டாப் பிளந்துடும். பாதிப் பேரு கதவ நோக்கி ஓடுவான். மிச்சப் பாதியும் சும்மா செத்துப்போவான். சொல்லாம இருந்தா ஒத்துமையா இருப்பாங்க. அதுக்குள்ள கம்பெனி எறங்கி வந்துடுவான், எப்பவும் கடைசி நிமிஷத்துல எறங்கி வரத்தான் செய்வான், இதெல்லாம் வெறும் மெரட்டல். அதானே? நல்லா சொல்ற. பேச்சு வருது உனக்கு. நானே இத விட நல்லா சொல்லியிருக்க மாட்டேன்.

வீட்டுல முழுசாப் பாத்தவங்க காலைல குடிசைல போட்ட சண்டை இதுக்குத்தானா, இப்பத்தான் புரியுதா? பாதிக்குப் பாதியா? பரவால்ல, டிவியால ஒரு நல்லது நடந்திருக்கு.

எனக்கு அதுல என்ன பிடிக்கலன்னா, அவ சுவரப் பாத்தது. அது தப்பு. பொய் சொல்றவன் எங்கேயோ பாப்பான்னு இந்தக் கத எழுதறவங்களுக்கு யாரோ சொல்லி வச்சிருக்காங்க. சின்னப் பொய் சொல்றவன்தான் அப்படிப் பாப்பான். தன் ஜனத்துக்காகச் சொல்றோம்னு நெனச்சு சொல்றவ நேராக் கண்ணப் பாத்து சொல்லுவா. குரல்கூட நடுங்காது. ஏன்னா அந்த நிமிஷம் அது பொய்னே தோணாது. பாரத்த நான் ஒருத்தி சொமக்கறேன், அவங்க நிம்மதியா இருக்கட்டும்னு தோணும். தியாகம் மாதிரி இருக்கும். நெஞ்சு நிமிரும். அப்புறம்தான் காது சூடாகும். ரெண்டு காதும். அந்தக் காது சூட்டக் காட்டியிருந்தா இத எழுதினவனுக்கு ஒரு சலாம் போட்டிருப்பேன்.

சும்மா சொல்றேன். வயசானவன், நாலு பேர பாத்திருப்பேன்ல.

இன்னொண்ணு. அவ மட்டும் தனியா ஏன் அந்த அறையில இருக்கா? அதுதான் மொதத் தப்பு. எங்க யூனியன்ல அது நடந்திருக்காது. எங்க வழக்கம் என்னன்னு உனக்குத் தெரியுமில்ல? பாதிதான் தெரியும். முழுசாக் கேளு. ஸ்ட்ரைக் நடக்கும்போது கம்பெனிகிட்டேருந்து கடுதாசி வந்தா அத யாரும் பிரிக்கக்கூடாது. செயலாளர், தலைவர், கமிட்டி, ஒருத்தரும் கூடாது. ஒட்டின கவர் ஒட்டினபடி ஹாலுக்குப் போகணும். எல்லாரும் உக்காந்தப்புறம், எல்லார் கண்ணு முன்னாடி, கமிட்டியிலயே இல்லாத ஒரு ஆள் எந்திரிச்சு வந்து பிரிக்கணும். முதல்லேருந்து கடைசி வரைக்கும் வாசிக்கணும், தேதி, கையெழுத்து உட்பட. முன்னல்லாம் ரெண்டு மொழியில வாசிப்போம். கெட்ட வார்த்தைல திட்டறவன் வாசிச்சு முடிச்சப்புறம்தான் திட்டணும். எங்கப்பா காலத்துல, காட்டுல மரம் வெட்டின ஆளுங்க வச்ச வழக்கம் அது. ஏன் வச்சாங்க? அவங்கள ஒரு தடவ அவங்க தலைவனே வித்துட்டான். அதனால.

அத எழுத்துல கொண்டாந்தது நான். ஏழாங்கிளாஸோட பள்ளிக்கூடம் முடிஞ்சவன், மிச்சப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரத்துலதான் படிச்சேன். படிச்சு படிச்சு நானே எழுத ஆரம்பிச்சேன். பதினொண்ணாவது பிரசுரம். எட்டுப் பக்கம். கடுதாசி எல்லாருக்கும் சொந்தம், அதுதான் தலைப்பு.

உங்கம்மா வச்சிருந்தாங்களா? எங்க, குளிர்பெட்டி மேலயா? காந்தத்தால ஒட்டி? எனக்குத் தெரியாதே. முதல் பக்கம் மஞ்சளாப் போயிருக்குமே. சொல்லாத, அந்த வரி எனக்குத் தெரியும். தொழிலாளிகிட்ட ஒண்ண மறைக்கறவன், அவன் யாரா இருந்தாலும், அந்த நிமிஷம் முதலாளிக்குத்தான் வேலை பாக்கறான். ஆமா. அந்த வரிதான். அவன் யாரா இருந்தாலும்.

நல்ல வரிதான். பெருமையா இருந்துச்சு அப்ப. அச்சகத்துல மை காயறதுக்குள்ள எடுத்துக்கிட்டு ஓடி ஹெல்விகிட்ட காட்டினேன். என் வீட்டுக்காரி. அவளும் மில்லுலதான் இருந்தா, காகிதத்த எண்ணிக் கட்டற பிரிவுல. படிச்சுட்டு, இந்த ஒரு வரி போதும் ரெய்னோ, மத்த ஏழு பக்கம் எதுக்குன்னா.

இப்ப எவனுக்கு அதெல்லாம் வேணும்? தலைமை ஆபீஸ்லேருந்து டை கட்டினவன் வரான், ஓட்டல்ல தங்கறான், வழவழன்னு தாளுல அடிச்சத நீட்டறான். என்னைய இந்தப் பதினாலு வாரத்துல எத்தன தடவ கூப்பிட்டீங்க? மொத நாள் கொடி ஏத்த ஒரு தடவ. இன்னிக்கு ஒரு தடவ. நடுவுல ஒருத்தரும் எட்டிப் பாக்கல. குத்தம் சொல்லல. நானும்தான் யாரையும் பாக்கப் போகல. சாவுக்குக் கூப்பிடுவீங்க, ஓட்டுக்குக் கூப்பிடுவீங்க. தோழர் கங்காஸ் பேசுவார்னு சொன்னா பின்னாடி உக்காந்திருக்கற பெருசுங்க ரெண்டு கண்ணத் தொடச்சுக்கும். எண்பத்திமூணு ஸ்ட்ரைக்குல கையக் கீழ போடாத மனுஷன்னு நீ அறிமுகம் வேற பண்ணுவ. அலுத்துப்போச்சும்மா. நெசமா அலுத்துப்போச்சு. அந்த அறிமுகத்தக் கேட்டுக் கேட்டு.

அடக்கம்லாம் இல்ல. அடக்கமா இருந்து எனக்குப் பழக்கமே கெடையாது. நான் இந்த ஊருலயே பெரிய தலைக்கனம் பிடிச்சவன், உங்கம்மாவக் கேளு.

சரி, அந்தக் கடுதாசி பையிலதானே வச்சிருக்க? நீ உள்ள வந்ததுலேருந்து பைய மடியிலேருந்து எறக்கவே இல்ல. வேண்டாம், எடுக்காத. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. உண்மையிலயே புதுசா ஒண்ணுமில்லையா?

ம்.

ம்.

மில்ல மூடறதுக்கு ஒரு தேதி போட்டிருக்கானா.

புரியுது. புரியுதும்மா. மெரட்டல்தான்னு நாலு பேருக்கும் தோணிச்சு. வாசிச்சா வீட்டுக் கடன் வச்சிருக்கறவன், கொழந்த பொறந்தவன் எல்லாம் ஆடிப்போயிடுவான். அதனால வெறும் இரைச்சல்தான்னு... இல்ல, நான் உன்னத் திட்டல. திட்டற மாதிரியா இருக்கு? திட்டறதுக்கு எனக்குத் தகுதியில்ல. நேத்து டாரியாவ நான் என்ன வேணா சொல்லிக் கத்தியிருக்கலாம், அவளுக்குக் கேக்காது. நீ எதிர்ல உக்காந்திருக்க.

தகுதியில்லன்னா தகுதியில்லதான். என்ன பாக்கற?

எனக்கும் ஒண்ணு வந்துச்சு. எண்பத்திமூணுல. ஒம்பதாவது வாரம், வியாழக்கெழம. செயலாளர்னு இந்த வீட்டு முகவரிக்குத்தான் வந்துச்சு. சனிக்கெழம ஹால்ல ஓட்டு. ஒரு நாளு இதே மேஜையோட இழுப்பறையில வச்சிருந்தேன். வழக்கப்படி பிரிக்காமத்தான் வச்சிருந்தேன். வெள்ளிக்கெழம ஹெல்வி மறியலுக்குப் போயிருந்தா. நான் காப்பிக்குத் தண்ணி வச்சேன். கெட்டில்லேருந்து ஆவி வந்துக்கிட்டிருந்துச்சு. கவர அதுமேல காட்டினேன். பசை எளகி, அழகாத் தொறந்துக்கிச்சு. படிச்சுட்டு திரும்ப ஒட்டிடலாம்னுதான் நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

சம்பளத்துல வெட்டு ஒத்துக்கிட்டா ரெண்டாவது மிஷின மூணு வருஷத்துக்கு ஓட்டறோம். ஒத்துக்கலேன்னா இந்த மாசத்தோட மில்ல மூடறோம். தேதி போட்டிருந்தான். அவ்வளவுதான் விஷயம், ஒன்றரைப் பக்கம்.

மெரட்டல்னு நெனச்சேன். வாசிச்சா ஒடைஞ்சிடுவாங்கன்னு நெனச்சேன். அடுப்புல போட்டேன்.

சனிக்கெழம உங்கப்பாதான் எந்திரிச்சு கேட்டாரு, கம்பெனிகிட்டேருந்து கடுதாசி ஏதாச்சும் வந்திருக்கான்னு. வந்திருந்தா வாசிக்கற மொற அன்னிக்கு அவரோடது. இல்ல ஆர்மன்ட்னேன். முன்னூத்தி நாப்பது கையும் மேல போச்சு. ஒத்தக் கை கீழ இல்ல. ஹெல்வி மூணாவது வரிசை. கையத் தூக்கிக்கிட்டே என்னையப் பாத்து சிரிச்சா.

அந்தத் தேதியில மூடினான். சொன்ன தேதியிலயே.

எப்படியும் மூடியிருப்பானா? இருக்கலாம். நாப்பது வருஷமா நானும் அதச் சொல்லித்தான் என்னைய ஏமாத்திக்கறேன். மூணு வருஷம் கழிச்சு மூடியிருப்பான். அந்த மூணு வருஷத்துல நீ பள்ளிக்கூடம் சேந்திருப்ப. உங்கப்பா எண்ணெய்க் கெணத்துக்கு ஆல்பெர்ட்டா போகாம, வருஷத்துக்கு ரெண்டு வாரம் வந்துட்டுப் போற விருந்தாளியா ஆகாம இருந்திருப்பாரு. இல்ல, கை தூக்கி வேண்டாம்னுகூட சொல்லியிருப்பாங்க, தெரிஞ்சே. அது அவங்க இஷ்டம். அவங்கள நான் கேக்கல.

ஹெல்வி கேட்டா. ஒரே ஒரு தடவ, ரொம்ப வருஷம் கழிச்சு, ஆஸ்பத்திரில. ஏதாச்சும் வந்துச்சா ரெய்னோன்னா. இல்லேன்னேன்.

நாளைக்கு வரேன். ஒண்ணரை மணிக்கு வண்டி அனுப்பு. நீங்க அத வாசிச்சா நான் மேடையேற வேண்டியதே இல்ல, ஓரமா உக்காந்துக்கறேன். வாசிக்கலேன்னா ஏறுவேன், ஏறி இப்ப உன்கிட்ட சொன்னத அவங்ககிட்டயும் சொல்லுவேன். ரெண்டுல எது வேணும்னு நீங்க நாலு பேரும் கலந்துக்கோங்க.

இல்லம்மா, என்கிட்ட நீட்டாத. உள்ள வையி. நாளைக்கு எல்லாரோடயும் சேந்து கேட்டுக்கறேன்.